விருப்ப மாறுதல்

நீர் ஆணையத்தில் உயர் அதிகாரிகள் யாரும் மனதில் இருப்பதைச் சொல்ல மாட்டார்கள். அவர்கள் பிறவிப் பொய்யர்கள் இல்லை, பிழைக்கத் தெரிந்தவர்கள், அவ்வளவுதான். கடலோரம் போக ஆசைப்படுகிறவர், உப்புக் காற்று உடம்புக்கு ஆகாது என்று கான்டீனில் எல்லார் காதிலும் விழும்படி புலம்புவார். தலைமை அலுவலகத்தை விட்டு நகர்ந்தால் செத்தே போவேன் என்று நினைக்கிறவர், லிஃப்டில் பெருமூச்சு விட்டு, "இந்தப் புகையில எத்தனை நாள்தான் கெடக்கறது" என்பார். அணைகள் பிரிவின் தலைவருக்கு இந்தப் பழக்கம் முற்றிப்போய், வீட்டில் டீயா காபியா என்று மனைவி கேட்டாலும் வேண்டாததைச் சொல்லிவிட்டு, வந்ததை முகம் சுளித்துக் குடித்துவிட்டுப் போவார் என்று ஒரு பேச்சு உண்டு. இதற்கு ஆணையத்தில் தலைகீழ்ப் பேச்சு என்று பெயர்.

இதை உண்டாக்கிவிட்ட புண்ணியவானுக்கு ஆபீஸ் வைத்த பெயர் சர்க்கரை. வாயைத் திறந்தால் அவ்வளவு இனிப்பு. பல வருஷம் பணியாளர் இயக்குநராக இருந்தார். யார் எந்த நாற்காலியில் உட்கார வேண்டும், யாரை எந்த ஊருக்குத் தூக்கிப் போட வேண்டும் என்பதெல்லாம் அவர் கையில் இருந்தது.

சட்டம் என்னவோ நல்ல சட்டம்தான். உயர் அதிகாரியைச் சமமான தகுதியுள்ள எந்த இடத்துக்கும் மாற்றலாம். போக மாட்டேன் என்றால் வேலை போகும், ஓய்வூதியத்திலும் கை வைப்பார்கள், ஆணையம் கொடுத்த குடியிருப்பையும் காலி செய்ய வேண்டும். ஆனால் வெளியூருக்கு மாற்றுவதற்கு முன்னால் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசியாக வேண்டும். வீட்டு நிலைமை என்ன, யாருக்காவது உடம்பு சரியில்லையா, பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று கேட்டாக வேண்டும். பிறகு இரண்டு மாதம் அவகாசம் தர வேண்டும். ஆணையத்துக்குப் புதுத் தலைவர் வந்தால், முதல் நான்கு மாதம் ஒருவரையும் தொடக் கூடாது, அவராக விரும்பிக் கேட்டால் ஒழிய. மனுஷனை மனுஷனாக நடத்த வேண்டும் என்று நினைத்த யாரோ உட்கார்ந்து எழுதிய விதிகள் இவை. எழுதியவர் நன்றாக இருக்கட்டும்.

அந்த விதிகளில் சர்க்கரை ஒன்றைக் கண்டுபிடித்தார். எங்கே வலிக்கிறது என்று ஒருவனிடம் கேட்டால், எங்கே அடிக்க வேண்டும் என்பதை அவனே சொல்லிவிடுவான்.

மேலிடத்துக்கு ஒருவரைப் பிடிக்கவில்லை என்றால் சர்க்கரை அவரை டீ சாப்பிடக் கூப்பிடுவார். அறைக் கதவைச் சாத்துவார். ஃபோனை எடுத்துக் கவிழ்த்து வைப்பார். "ஆபீஸ் விஷயத்தை விடுங்க சார், வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று ஆரம்பிப்பார். இப்படி ஒருவர் கேட்டால் எந்தக் கல்லும் கரையும். மகனுக்குப் பேச்சு திக்குகிறது, இந்தப் பள்ளிக்கூடத்தில்தான் கொஞ்சம் தேறியிருக்கிறான் என்பார் ஒருவர். சர்க்கரை உச்சுக் கொட்டுவார், இன்னொரு டீ வரவழைப்பார். பள்ளிக்கூடமே இல்லாத அணைக்கட்டுக்கு அடுத்த வாரம் உத்தரவு போகும். பாதிப் பேர் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுவார்கள். வேண்டியதும் அதுதான். வீட்டில் வேறு யாராவது ஃபோனை எடுத்தால் இன்னும் வசதி. "சார் எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாரு, நீங்க கவலைப்படாதீங்க" என்று ஒரு வார்த்தை விட்டால் போதும், சார் சொல்லாததை எல்லாம் சாரின் மனைவி கொட்டிவிடுவாள்.

நாளாக நாளாக ஆபீஸ் உஷாரானது. தலைகீழாகப் பேச ஆரம்பித்தது. சர்க்கரையும் லேசுப்பட்டவரா? யார் தலைகீழ், யார் நேர் என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

ஒரே ஒருத்தி மட்டும் கடைசி வரை நேராகவே பேசினாள். ஆற்றுப் பிரிவில் இருந்தாள். ஏதோ ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுத்து மேலிடத்தின் கோபத்துக்கு ஆளானவள். டீ சாப்பிட வந்த அன்று, தலைகீழ்ப் பேச்சு தெரியாதவள் போல உள்ளதை உள்ளபடி சொன்னாள். "அம்மா என்கூடத்தான் இருக்காங்க சார். மூச்சிரைப்பு. குளிர்னா தாங்க மாட்டாங்க. வேற எங்க வேணாலும் போடுங்க." சர்க்கரை அவளுக்கு இரண்டாவது டீ வரவழைத்தார். மலை நிலையத்துக்கு உத்தரவு போட்டார்.

மலை நிலையம் என்றால் ஆணையத்தில் எல்லாருக்கும் வயிற்றில் புளியைக் கரைக்கும். ஆறு பிறக்கும் இடத்தில் பனியை அளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு கட்டடம். குடியிருப்பு மேலே, அலுவலகம் கீழே, நடுவில் கல் படிக்கட்டு. அவள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் அம்மாவைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். முதல் குளிர்காலத்தை அம்மா தாண்டவில்லை. ஆணையத்தின் சார்பில் இரங்கல் செய்தி எழுதியது சர்க்கரைதான். நன்றாகத்தான் எழுதியிருந்தார்.

சக்கரம் என்று ஒன்று சுற்றத்தானே செய்யும். பழைய தலைவருக்கு மேலிடத்தோடு ஒத்துவராமல் போனது. போகிற போக்கில், சர்க்கரையைப் பிடிக்காத யாரோ அவர் காதில் ஓதினார்கள். கடைசிக் கையெழுத்தாக மலையில் இருந்தவளைப் பணியாளர் இயக்குநராக அழைத்துக்கொண்டார், சர்க்கரையைச் சிறப்பு ஆலோசகராக்கி மாடிப்படிக்குக் கீழே ஒரு அறையில் தள்ளிவிட்டார். ஆலோசனை கேட்டு ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. மலையிலிருந்து வந்தவருக்கு ஆபீஸ் உடனே ஒரு பெயர் வைத்தது: மலை மேடம்.

பிறகு புதுத் தலைவர் வந்தார். நான்கு மாதம் யாரையும் தொட முடியாது. சர்க்கரை மூச்சு விட்டார். ஆனால் நான்கு மாதம் முடிகிற அன்றைக்கே மலை மேடம் தன்னைத் தூக்குவார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அவர் இடத்தில் நாம் இருந்தால் அதைத்தானே செய்வோம்?

மாறுதல் என்றால் மற்றவர்களுக்குப் பெட்டி கட்டுகிற வேலை. சர்க்கரைக்கு அப்படி இல்லை. அவர் மனைவிக்குக் கண் போய்க்கொண்டிருந்தது.

வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் மிச்சம். டாக்டர் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டார். பிள்ளை இல்லாத வீடு, இரண்டே பேர். ஆனால் ஆணையம் கொடுத்த அந்தக் குடியிருப்பில் அவளைப் பார்த்து யாரும் கண் தெரியாதவள் என்று சொல்ல முடியாது. சீனி டப்பாவில் ஒரு ரப்பர் பேண்ட், உப்பு டப்பாவில் இரண்டு. அடுப்புத் திருகில் நகப்பூச்சைக் கெட்டியாக ஒரு சொட்டு வைத்திருந்தாள், விரல் பட்டால் எது சின்னத் தீ என்று தெரியும். கோப்பையில் டீ ஊற்றும்போது சத்தம் ஏறுவதை வைத்தே நிறுத்துவாள். தெருவில் இறங்கினால் பேக்கரி வாசனை வந்ததும் இடது பக்கம், பள்ளிக்கூட மதில் சொரசொரப்பு முடிந்ததும் காய்கறிக் கடை. இந்த வீட்டையும் இந்தத் தெருவையும் கண் இருந்த காலத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் ஏற்றிக்கொண்டிருந்தாள். இன்னொரு வீட்டில் அவளால் ஒரு டம்ளர் தண்ணீர் எடுக்க முடியாது. "இந்த வீடு இருக்கற வரைக்கும் எனக்குக் கண்ணு இருக்குங்க" என்பாள். அதைச் சொல்லும்போது அழ மாட்டாள், சுவரைத் தடவிக் கொடுப்பாள்.

இது ஆபீசுக்குத் தெரியக் கூடாது என்பதில் சர்க்கரை கல்லாக இருந்தார். தெரிந்தால் யாராவது ஒரு நாள் இதே இடத்தில் அடிப்பார்கள். அடிக்கிற வித்தை அவர் சொல்லிக்கொடுத்ததுதானே. வைத்தியம் வேறு ஊரில், ஆணையத்தின் மருத்துவத் திட்டத்தில் சேராமல், கைக்காசில். டாக்டர் கொடுத்த அறிக்கைகளை ஸ்டேஷனிலேயே கிழித்துக் குப்பையில் போட்டார். மனைவிக்கும் பாடம் நடத்தினார்.

"ஆபீஸ்லேர்ந்து யாரு வந்தாலும், யாரு ஃபோன் பண்ணாலும், உனக்குக் கண்ணு நல்லாத் தெரியும். புரியுதா?"

"புரியுது."

"சார் எல்லாத்தையும் சொல்லிட்டாருன்னு சொல்லுவாங்க. நம்பாதே. அது ஒரு தூண்டில்."

"சரிங்க."

"நானே பக்கத்துல நின்னு சொன்னாலும் ஒத்துக்காதே. என்னை மிரட்டிச் சொல்ல வெச்சிருப்பாங்க."

அவள் சிரித்தாள். "நீங்களே சொன்னாலுமா?"

"நானே சொன்னாலும்."

இந்த நிலைமையில்தான் மலை மேடம் அவரை டீ சாப்பிடக் கூப்பிட்டார். அதே அறை, அதே நாற்காலி, மேசையின் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மட்டும் மாறிவிட்டது. மேடம் கதவைச் சாத்தினார். ஃபோனைக் கவிழ்த்து வைத்தார்.

"ஆபீஸ் விஷயத்தை விடுங்க சார். வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

சர்க்கரைக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. தன் பாடத்தைத் தன்னிடமே ஒப்பிக்கிறாள் என்று நினைத்தார். இந்தப் பெண்ணுக்கு நேராகப் பேச மட்டும்தான் தெரியும், கேட்பதையும் நேராகத்தான் கேட்பாள், பழிவாங்க வேண்டும் என்றால் வலிக்கிற இடத்தைத்தான் தேடுவாள். சரி, வலிக்கிற இடத்தை நாமே காட்டிவிடுவோம், தப்பான இடத்தை.

"சௌக்கியத்துக்கு என்ன மேடம். இந்த ஊர்தான் ரெண்டு பேருக்கும் பிடிக்கல. என் வீட்டுக்காரி தெனமும் நச்சரிக்கிறா. மலைப் பக்கம் எங்கேயாவது போயிடலாம்னு."

"மலையா?"

"ஆமாம் மேடம். உங்க மலை நிலையம் மாதிரி ஒரு இடம் கெடைச்சா, மிச்ச சர்வீசை அங்கேயே முடிச்சிடலாம். அவளுக்குப் பனின்னா உசிரு." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். என்னை இங்கேயே கீழ் மாடி ஆவணக் கூடத்துல மட்டும் போட்டுடாதீங்க. அந்தப் புழுக்கத்துல செத்துடுவேன்."

ஆவணக் கூடம்தான் அவருக்கு வேண்டும். அதே கட்டடம், அதே பஸ், அதே வீடு.

மேடம் தலையை ஆட்டினார். இன்னொரு டீ வரவழைத்தார். சர்க்கரை குஷியாக எழுந்து போனார். எத்தனை பேருடைய தலைகீழ்ப் பேச்சைக் கண்டுபிடித்தவர், தன்னுடையது எப்படி இருந்தது என்று மட்டும் யோசிக்கவில்லை. தொழில் தெரிந்த திமிர் என்பது அதுதான். நான்கு மாதம் முடியாதபோது, வாயை மூடிக்கொண்டு டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்திருந்தால் சட்டம் அப்போதைக்காவது அவரைக் காப்பாற்றியிருக்கும். தானே விரும்பிக் கேட்டால் ஒழிய என்ற அந்த வால், எத்தனையோ பேருக்கு அவரே படித்துக் காட்டியது. அன்றைக்கு அவர் நினைவில் அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வார முடிவில் எல்லா உயர் அதிகாரிகளும் உட்காரும் கூட்டம். புதுத் தலைவர் எழுந்து நின்றார். சீனியர்கள் எல்லாம் சொகுசான இடத்தை விட்டு நகர மறுக்கிற இந்தக் காலத்தில், ஓய்வு பெறப்போகிற வயதில், நான்கு மாதப் பாதுகாப்பு இருந்தும் அதைத் தூக்கி எறிந்துவிட்டு, ஒருவர் தானாக முன்வந்து மலை நிலையம் கேட்டிருக்கிறார் என்றார். சர்க்கரையின் பெயரைச் சொன்னார். கூட்டம் கை தட்டியது. அணைக்கட்டிலிருந்து கூட்டத்துக்கு வந்திருந்த, பேச்சு திக்கும் மகனின் தகப்பனார்தான் முதலில் தட்டினார், கடைசியில் நிறுத்தியதும் அவரே. சர்க்கரை எழுந்து கும்பிட்டார். விருப்ப மாறுதல் என்பதால் இரண்டு மாத அவகாசமும் கிடையாது. வருகிற திங்கட்கிழமை சேர வேண்டும்.

அவர் நேராக மலை மேடத்தின் அறைக்கு ஓடினார். இந்த முறை கதவைச் சாத்தியது அவர்தான்.

"மேடம், அது வந்து... நான் சொன்னது நிஜம் இல்ல. தலைகீழாச் சொன்னேன்."

"தலைகீழான்னா?"

"உங்களுக்குத் தெரியாதா மேடம். என் மனைவிக்குக் கண்ணு தெரியாது. அந்த வீட்டைத் தவிர வேற எங்கேயும் அவளால நடக்க முடியாது. சத்தியமா சொல்றேன்."

மேடம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அன்னிக்கு அவங்களுக்குப் பனின்னா உசிருன்னு சொன்னீங்க. அது தலைகீழ்னா, இதுவும் தலைகீழ் இல்லன்னு நான் எப்படி சார் நம்பறது? ஏதாவது மருத்துவச் சான்று?"

சான்று ஏது? எல்லாம் ஸ்டேஷன் குப்பையில். புதிதாக வாங்கலாம் என்றால், உத்தரவுக்குப் பின் வாங்கும் சான்று செல்லாது என்ற வரியைச் சேர்த்ததே அவர்தான்.

"நேர்ல வந்து பாருங்க மேடம். இயக்குநர் நேர்ல பார்த்து உறுதி செஞ்சா உத்தரவை ரத்து செய்யலாம்னு விதி இருக்கு."

"இருக்கா? நீங்க யார் வீட்டுக்காவது போயிருக்கீங்களா?"

சர்க்கரை ஒரு வீட்டுக்கும் போனதில்லை.

"சரி வாங்க, இப்பவே போகலாம்" என்று மேடம் எழுந்தார். அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ஃபோனை மட்டும் இங்க வெச்சிட்டு வாங்க. முன்னாடியே தகவல் போயிடக் கூடாது இல்ல?" அவர் சந்தோஷமாக ஃபோனை எடுத்து மேசையில் வைத்தார். எதற்குத் தகவல்? மனைவி இருக்கிறபடி இருந்தால் போதுமே. ஒரு தடவை தடுமாறினால் போதும். காரில் போகும்போது மலை மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, எத்தனை நாளாகக் கண் தெரியவில்லை, வலி உண்டா என்று விசாரித்தார். குரலில் அக்கறை இருந்த மாதிரிதான் இருந்தது. நல்ல பெண், இவளுக்குப் போய் அப்படிச் செய்தோமே என்று சர்க்கரைக்கு முதல்முறையாகத் தோன்றியது. காரியம் ஆக வேண்டிய நேரத்தில் வருகிற வருத்தம், அதற்கு என்ன மதிப்போ.

கதவைத் திறந்தது மனைவிதான். இரண்டு பேர் காலடி என்று தெரிந்ததும் முகம் மாறவே இல்லை.

"ஆபீஸ்லேர்ந்து மேடம் வந்திருக்காங்க" என்றார் சர்க்கரை.

"வாங்க வாங்க" என்று, மேடம் வாயைத் திறப்பதற்கு முன்பே, செருப்புச் சத்தம் நின்ற இடத்தைப் பார்த்து மேடத்தின் கண்ணுக்கு நேராகச் சிரித்தாள். "உக்காருங்க. வீடு போட்டது போட்டபடி கெடக்கு, தப்பா நினைக்காதீங்க." நாற்காலியில் கிடந்த பேப்பரை எடுத்து மடித்து வைத்தாள். "சாயங்காலம் மழை வரும்னு போட்டிருக்கான்." காலையில் ரேடியோவில் கேட்டது.

சர்க்கரை அவள் பக்கத்தில் வந்து நின்றார். "இங்க பாரு. மேடம்கிட்ட நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன். உன் கண்ணு விஷயத்தை. நீ ஒண்ணும் மறைக்க வேணாம்."

ஒரு கணம், அவ்வளவுதான். பிறகு அவள் கலகலவென்று சிரித்தாள். "என் கண்ணுக்கு என்ன? கண்ணாடி மாத்தணும்னு ரெண்டு வருஷமா இவரு சொல்லிட்டே இருக்காரு மேடம். வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே."

"அது இல்ல. நிஜமாத்தான் சொல்றேன். என்னை யாரும் மிரட்டல. நம்ம நல்லதுக்குத்தான்."

"இருங்க, டீ போட்டுட்டு வரேன்" என்று அவள் உள்ளே போய்விட்டாள். நானே சொன்னாலும் ஒத்துக்காதே என்று சொன்னவன் நீதானே என்று அந்த முதுகு சொல்வது போல அவருக்கு இருந்தது. சமையலறையில் டப்பா திறக்கும் சத்தம், அடுப்பு பற்றும் சத்தம், ஒன்றில்கூடத் தயக்கம் இல்லை. மேடம் காலை ஆட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது சர்க்கரை ஒரு காரியம் செய்தார். சுவரோரம் இருந்த குட்டி ஸ்டூலைக் காலால் மெல்ல, சத்தம் வராமல், அவள் வரும் வழியில் நகர்த்தி வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்த ஸ்டூல் அந்தச் சுவரோரம்தான் இருந்தது. மேடம் அதைப் பார்த்துவிட்டு மறுபடி சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் தட்டோடு வந்தாள். முழங்காலுக்குக் கீழே ஸ்டூல் இடித்தது. தட்டு சாய்ந்து கொதிக்கிற டீ அவள் இடது கையில் கொட்டியது. அவள் தட்டை விடவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். சர்க்கரை, கடவுளே, இந்தச் சாட்சி போதும் என்று மனதுக்குள் கும்பிட்டார்.

"சனியன் புடிச்ச ஸ்டூல்" என்று அவள் சிரித்தாள். "டீ சிந்திடக் கூடாதேன்னு கோப்பையையே பாத்துட்டு வந்தேன் மேடம், கீழ பாக்கல. நல்ல வேளை, உங்களுது சிந்தல. எடுத்துக்கோங்க."

"கையில கொட்டிடுச்சே?"

"ஒண்ணும் இல்ல, ஆறின டீதான்." கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். தோல் சிவந்து பொங்கியிருந்ததை இரண்டு பேரும் பார்த்தார்கள்.

மேடம் டீயைக் குடித்து முடித்தார். பேச்சு வீட்டைப் பற்றியும் தெருவைப் பற்றியும் போனது. எல்லாவற்றுக்கும் அவள் பொருத்தமாகப் பதில் சொன்னாள். கிளம்புவதற்கு முன்னால் மேடம் பையிலிருந்து ஃபோனை எடுத்து அவள் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"இதுதான் என் பொண்ணு. பாருங்க."

அவள் குனிந்து, ஆசையாக, நிதானமாகப் பார்த்தாள். "அடடா, அப்படியே உங்க ஜாடை. கண்ணும் மூக்கும் உரிச்சு வெச்சிருக்கு."

சர்க்கரையும் பார்த்தார். ஃபோன் திரை அணைந்து கன்னங்கரேல் என்று இருந்தது. மேடம் அதைப் பொத்தான் அமுக்கித் திறக்கவே இல்லை. அவர் நிமிர்ந்து சர்க்கரையைப் பார்த்தார். சர்க்கரைக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. தெரிந்துவிட்டது! கண் தெரியாது என்று இவளுக்குத் தெரிந்துவிட்டது, பிழைத்தோம்!

"உங்க கண்ணு என் கண்ணைவிட நல்லா இருக்கும்மா" என்று மேடம் சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

சர்க்கரை படியில் பின்னாலேயே ஓடினார். "மேடம், நீங்க பாத்துட்டீங்க. உங்களுக்குத் தெரிஞ்சுடுச்சு."

"தெரிஞ்சுது சார்."

"அப்போ ரத்து செஞ்சிடுவீங்கல்ல?"

"எங்க அம்மாவுக்கு மூச்சு முட்டும்னு உங்களுக்கும் தெரியும். நானே வாயால சொன்னேன். ரெண்டாவது டீ வரவெச்சுக் கேட்டீங்க." மேடத்தின் குரல் உயரவே இல்லை. "நேர்ல விசாரிச்சேன், கண்ணு நல்லாத் தெரியும்னு அவங்களே சொன்னாங்க. அதைத்தான் எழுதப் போறேன். பொய்யா ஒரு வார்த்தை எழுத மாட்டேன்."

"அவ என்ன பாவம் பண்ணா மேடம்?"

"எங்க அம்மா என்ன பண்ணாங்க?"

காரில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, மறந்துபோன ஒன்றை நினைவுபடுத்துகிறவர் போலச் சொன்னார். "அங்க படிக்கட்டு ஜாஸ்தி சார். பனி விழுந்தா வழுக்கும். அவங்க கையை விட்டுடாதீங்க."

கார் தெருமுனை திரும்பும் வரை சர்க்கரை நின்றார். பேக்கரியிலிருந்து ரொட்டி வாசனை வந்தது. எத்தனையோ பேரை அந்த அறையில் உட்கார வைத்து அனுப்பியவர், அவர்கள் வீட்டுக்குப் போய் எப்படிக் கதவைத் தட்டியிருப்பார்கள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. கதவு திறந்தேதான் இருந்தது.

அவள் சமையலறையில் குழாய்த் தண்ணீரில் கையைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவர் காலடி கேட்டதும் குழாயை மூடினாள்.

"போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க."

அப்போதுதான் வலியைக் காட்டினாள். "எரியுதுங்க, மருந்து போடுங்க" என்று கையை நீட்டினாள். அவர் அலமாரியிலிருந்து களிம்பை எடுத்து வந்து தடவினார்.

"அந்த ஸ்டூலை நகத்தினது அந்தம்மாதானே? நான் விழுறேனான்னு பாக்க?"

அவர் களிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார். "ஆமா" என்றார்.

"பாவி. என்ன நெஞ்சழுத்தம்." கொஞ்ச நேரம் கையை ஊதிக்கொண்டாள். பிறகு அவர் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். முகம் மலர்ந்திருந்தது. "நீங்க கூட எப்படி நடிச்சீங்க! நம்பிடுவேன் போல இருந்துச்சு. நான் நல்லா சமாளிச்சேனா?"

"நல்லா சமாளிச்சே."

"அவ்வளவுதான் விடுங்க" என்று அவள் நல்ல கையால் சுவரைத் தடவிக் கொடுத்தாள். "இனிமே இந்த வீட்டை விட்டு நம்மள எவனும் அசைக்க முடியாது."